பைட்டேஸ் போட்டும் ஓடு மெலிசு – கல்லைக் கூட்டினா சரியாகுமா?

ஏப்ரல் 9, மாலை – ஊத்தங்கரைத் தம்பி கேட்டது

1,200 லேயர் (முட்டைக்கோழி), கூண்டு, 61 வாரம். தீவனம் சொந்த அரைவை. ஆறு வாரத்துக்கு முன்னாடி டன்னுக்கு 12 கிலோ போட்ட டிசிபியை (டைகால்சியம் பாஸ்பேட், பாஸ்பரஸுக்குப் போடறது) 6 ஆக்கிட்டு, பைட்டேஸ் நொதியைத் தீவனம் கிலோவுக்கு 500 யூனிட் கணக்கில் சேர்க்கிறேன். அதுல இருந்து ஓடு மெலிசு. முட்டை அட்டைக்கு ரெண்டு மூணு கீறல், தினம் நாலஞ்சு ஓடில்லாத தோல்முட்டை. சுண்ணாம்புக்கல் தூளை 90 கிலோவிலிருந்து 120க்கு ஏத்தினேன், இன்னும் மோசமாகுது. பைட்டேஸே ஏமாத்து வேலைன்னு மில்காரர் சொல்றார். உண்மையா அண்ணா?

ஏப்ரல் 9, இரவு 9.50

ஏமாத்து இல்ல. ஆனா நீ அதோட கழுத்துல கல்லைக் கட்டிக் கிணத்துல போட்டிருக்க. 120 கிலோ கல்லு.

மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, தவிடு, இதுல இருக்குற பாஸ்பரஸ்ல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு பைட்டிக் அமிலமா பூட்டிக் கிடக்கு. விதை முளைச்சு வர்ற குருத்துக்குன்னு செடி சேத்து வச்ச சொத்து அது. கோழிக்கிட்ட அதுக்கான சாவி போதுமான அளவு கிடையாது. அந்த அமிலம் சும்மாவும் இருக்காது. துத்தநாகம், மாங்கனீசு, இரும்பு, கால்சியம்னு வழியில பார்த்ததை எல்லாம் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு எச்சத்தோட வெளிய போயிடும். பைட்டேஸ் அந்தக் கைகளை ஒண்ணொண்ணா வெட்டி விடுற நொதி.

அது வெட்டுற இடம் தீனிப்பையும் அரைவைப்பையும். அங்க புளிப்பு இருக்கணும். சுண்ணாம்பு போய் அந்தப் புளிப்பைத் தின்னுடும். அதுவும் மாவு மாதிரித் தூளுன்னா ஒரு நிமிஷத்துல தின்னுடும். அதோட நிக்காம, கூடுதலா கிடக்குற கால்சியம் பைட்டிக் அமிலத்தோட சேர்ந்து கரையாத கட்டியா மாறும். அதுக்கப்புறம் எந்த நொதி வந்தும் பிரயோஜனமில்ல.

டிசிபியைப் பாதியாக் குறைச்சது ரொம்ப அதிகம். மறுபடி 10க்கு ஏத்து.

ஏப்ரல் 9, இரவு 10.05

கேக்க மறந்துட்டேன். கல்லு எந்த சைஸ்? தூளா, குருணையா?

ஏப்ரல் 10, காலை 6.20

நேத்து டிசிபி பத்தி அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். காலையில எச்சம் வாரிக்கிட்டே மனக்கணக்குப் போட்டேன், தப்பு என்மேல.

டிசிபியில பாஸ்பரஸ் 18 சதம். 6 கிலோ குறைச்சா டன்னுக்கு 1 கிலோவும் கொஞ்சமும், அதாவது 0.1 சதம். 500 யூனிட் பைட்டேஸ் கொடுக்கணும்னு எல்லாரும் எதிர்பார்க்கறதும் ஏறக்குறைய அந்த 0.1 தான். ஆக 12லிருந்து 6 நியாயமான குறைப்பு. பைட்டேஸ் உயிரோட இருந்தா. அந்த "இருந்தா"தான் இப்ப கேள்வி.

இன்னொண்ணு. ஓடுங்கறது 95 சதத்துக்குப் பக்கம் கால்சியம் கார்பனேட். பாஸ்பரஸ் அதுல பேருக்குத்தான் இருக்கு. பாஸ்பரஸ் குறைஞ்சா மொதல்ல காலும் எலும்பும் பேசும், ஓடு அப்புறம்தான். கோழி கூண்டுல உக்காந்தா எந்திரிக்க முடியாம கிடக்குதா பாரு. இல்லைன்னா டிசிபியை விடு, கல்லுக்கு வா.

ஏப்ரல் 10, மதியம்

தூளுதான்னு சொல்லிட்டான். கோலமாவு மாதிரின்னு அவனே எழுதியிருக்கான். அப்ப என் கதையக் கேளு.

எனக்கு பாலக்கோட்டுல இருந்து உள்ள தள்ளி 2,500 கோழி. மூணு கோடைக்கு முன்னாடி இதே கூத்து. ஓடு மெலிசு, நான் தூளைக் கூட்டறேன். கூட்டக் கூட்டக் கோழி தீவனத்தைக் கிளறிச் சோளத்தைப் பொறுக்கித் தின்னுட்டு, தூளைத் தொட்டியில அப்படியே விடுது. எச்சம் தண்ணியாப் போகுது. நான் என்ன பண்ணேன்? இன்னும் கூட்டினேன். வீட்டுல "கோழிக்குத் தீவனம் போடறியா, சுவத்துக்கு வெள்ளையடிக்கறியா"ன்னு கேட்டாங்க.

ஒரு நாள் விடியக்காலை 5 மணி. லைட்டைப் போட்டதும் ஒண்ணு செத்துக் கிடந்துச்சு, உடம்பு இன்னும் சூடு. அறுத்தேன். உள்ள முட்டை இருந்துச்சு, முழு சைஸ், ஆனா ஓடு ஈரத்தாளு மாதிரி. கட்டை விரல் வச்சதும் உள்ள போயிருச்சு. அரைவைப்பையப் பிளந்து விரலால தடவினா பச்சைக் குழம்பு மட்டும்தான். ஒரு கல்லு இல்ல. தொடை எலும்பை வளைச்சேன், முருங்கைக் குச்சி மாதிரி மொடக்குன்னு ஒடிஞ்சுது.

அப்பத்தான் புரிஞ்சுது. முட்டை ஓட்டறையில கிடக்குறது ஏறக்குறைய 20 மணி நேரம். ஓடு கெட்டியாகுற வேலையில பெரும்பங்கு ராத்திரி, லைட்டை அணைச்ச பிறகு. அப்ப தொட்டிக்கு வராது கோழி. சாயங்காலம் தின்ன தூளு பத்து மணிக்குள்ள கரைஞ்சு கீழ போயிருக்கும். மிச்ச ராத்திரிக்குக் கோழி தன் எலும்பைக் கரைச்சு ஓடு போடும். முட்டையிடுற கோழிக்கு எலும்புக்குள்ள அதுக்குன்னே ஒரு இருப்பு உண்டு, அவசரக் கைமாத்து மாதிரி. அதுல இருக்குறது கால்சியம் பாஸ்பேட். கால்சியத்தை ஓட்டுக்கு எடுத்துக்கிட்டா பாஸ்பரஸ் மூத்திரத்தோட வெளிய போயிடும். அடுத்த நாள் அந்த இருப்பை மறுபடி நிரப்பப் பாஸ்பரஸும் வேணும். உன் பைட்டேஸ் செத்திருந்தா அங்கதான் இடிக்கும். காலையில "டிசிபியை விடு"ன்னு சொன்னதுல பாதியை வாபஸ் வாங்கிக்கறேன்.

ஏப்ரல் 10, இரவு

கல்லை எப்படிச் சோதிக்கறதுன்னு கேட்டான். லேப் வேணாம், மொதல்ல சமையக்கட்டு போதும்.

ரெண்டு கண்ணாடி டம்ளர், ரெண்டுலயும் கடை வினிகர். ஒண்ணுல ஒரு சிட்டிகை தூளு, இன்னொண்ணுல அதே எடைக்குக் கல் உப்பு சைஸ் கல்லு, அதாவது 2லிருந்து 4 மில்லி. தூளு சோடா ஒடைச்ச மாதிரி பொங்கி அடங்கிடும். கல்லு அடியில உக்காந்து ஒத்தைக் கோடா குமிழி விட்டுக்கிட்டே இருக்கும். நான் ராத்திரி வச்சுட்டுக் காலையில பார்த்தப்ப கல்லு பாதி மிச்சமிருந்துச்சு, ஓரமெல்லாம் மழுங்கி. கோழி வயித்துலயும் அதுதான் நடக்கணும்.

குமிழியே வராம மண்ணு மாதிரிக் கிடந்தா அது சுண்ணாம்புக்கல்லே இல்ல, வித்தவன்கிட்ட போய்க் கேளு. நல்ல கல்லுல கால்சியம் 38 சதம் வரைக்கும் இருக்கும். எனக்கு ஒரு தடவை வந்த லோடு டம்ளர்ல சேறா நின்னுச்சு.

மொத்தக் கல்லுல பாதிக்குக் குறையாம குருணை. உன் கோழிக்கு வயசு 61 வாரம், மூணுல ரெண்டு பங்கு போட்டாலும் தப்பில்ல. மொத்தத்தை 100க்கு இறக்கு. மதியத் தீவனத்துல குருணை இருக்கட்டும்.

ஏப்ரல் 11

கிருஷ்ணகிரிப் பக்கத்து ஒருத்தர் நடுவுல வந்து, "ராகியில இல்லாத சுண்ணாம்புச் சத்தா? எங்க தாத்தா ராகி போட்டே கோழி வளத்தார், கல்லு எதுக்கு?"ன்னு போட்டிருக்கார்.

நானும் களி தின்னு வளந்தவன்தான், அதனால கணக்கை மட்டும் சொல்றேன். ராகியில 100 கிராமுக்குக் கால்சியம் 350 மில்லிகிராம் சுமார். தானியத்துல அதை அடிக்க ஆளில்ல. லேயர் ஒரு நாளைக்குத் தின்னறது 110 கிராம். முழுக்க ராகியே போட்டாலும் 0.4 கிராம் கூட தேறாது. ஒரு முட்டை ஓட்டுல போறது மட்டும் 2 கிராமுக்கு மேல. தின்னறதுல பாதிதான் உடம்புல ஒட்டும்னா 4 கிராம் தின்னாகணும். தாத்தா கோழி வருஷத்துக்கு அறுபதோ எழுபதோ இட்டிருக்கும், மிச்சத்துக்குக் குப்பைமேட்டுல நத்தை, எலும்பு, சுவத்துக் காரை எல்லாம் கொத்தியிருக்கும். இந்தக் கூண்டுக்கோழி முன்னூறுக்கு மேல இடுது, அதுக்குக் கொத்தறதுக்கு முன்னாடி நிக்கிற கம்பிதான் இருக்கு.

அதோட ராகியிலயும் பைட்டிக் அமிலம் உண்டு, டானின் உண்டு. நம்ம ஆத்தா ராகியை ஊற வச்சு முளைகட்டி மாவாக்கினது சும்மா இல்ல. முளைவிடும்போது தானியத்தோட சொந்த பைட்டேஸ் முழிச்சுக்கும், பூட்டு தானா கழலும். கூழைப் புளிக்க வச்சாலும் அதேதான். டப்பாவுல வர்றது புது சரக்குன்னு நினைக்காதீங்க.

ஏப்ரல் 11, கொஞ்ச நேரம் கழிச்சு

டப்பா பைட்டேஸ் கடைக்கு வந்தது 1991, நெதர்லாந்துல. கோழிமேல இருந்த பாசத்தால இல்ல. அங்க பன்னி எருவும் கோழி எருவும் நிலத்துல குவிஞ்சு, பாஸ்பரஸ் தண்ணியில கலந்து பெரிய தலைவலி ஆச்சு. எருவுல பாஸ்பரஸைக் குறைன்னு சட்டம் நெருக்கவும், தீவனத்துல டிசிபியைக் குறைக்க இது கைகொடுத்துச்சு. நமக்கு லாபக்கணக்கு, அவங்களுக்கு வாய்க்கால் கணக்கு.

ஏப்ரல் 13

தாது உப்பு பிரீமிக்ஸ் பத்தி மூணு பேர் கேட்டிருக்கீங்க. சுருக்கமா.

துத்தநாகம் இல்லைன்னா ஓட்டுக்குக் கார்பனேட் செய்யுற நொதி வேலை செய்யாது. மாங்கனீசு இல்லைன்னா ஓட்டுக்கு அடியில இருக்குற வலை சரியாப் பின்னாது. குஞ்சுல நரம்பு நழுவிக் கால் கோணிக்கும். ஆக்சைடு வடிவம் மலிவு, உடம்புல ஒட்டறது குறைவு. சல்பேட் நல்லா கரையும், ஆனா கரைஞ்சதும் பைட்டிக் அமிலத்துக்கிட்ட மாட்டும். அமினோ அமிலத்தோட கோத்த கீலேட் வகை அந்தக் கூட்டத்துல மாட்டாம தப்பிச்சுப் போகும், விலையோ கண்ணைக் கட்டும்.

நான் கீலேட்டை எல்லா வயசுக்கும் போட்டுப் பார்த்தேன். இளம் கோழியில எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. 60 வாரத்துக்கு மேல, சல்பேட்ல பாதியை எடுத்துட்டு அந்த இடத்துல கீலேட் போட்டப்ப கீறல் குறைஞ்சுது. அதே மாசம் கல்லையும் மாத்தியிருந்தேன். எதுக்கு எந்தப் பேரு போகணும்னு என்னால சொல்ல முடியாது. விக்கிற தம்பி மட்டும் கீலேட்டுக்குத்தான்னு சத்தியம் பண்ணார்.

ஏப்ரல் 14, புத்தாண்டு, மாங்காய்ப் பச்சடி தின்னுட்டு

தண்ணி. இது பெரிய விஷயம், நான் இதுல ரெண்டு வருஷம் முட்டாளா இருந்தேன்.

நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் போர்த்தண்ணின்னாலே ஃபுளோரைடு. ஊர்ல கறைப்பல்லு பார்த்து வளந்தவங்க நாம. அதுக்காகவே ஜப்பான் கடனுதவியில ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013ல தண்ணி விட்டாங்க. மனுஷனுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேற வழியே இல்லைன்னா 1.5 வரைக்கும். என் போர்ல 2க்கு மேல. ஃபுளோரைடு கால்சியத்தைப் பிடிக்கும்னு படிச்சதும், என் ஓட்டுக்கு எமன் இதுதான்னு முடிவு கட்டிட்டேன். வடிகட்டி விலையெல்லாம் விசாரிச்சேன்.

கோழி அந்த விஷயத்துல நம்மள விடப் பல மடங்கு தாங்கும். தண்ணியில 2 மில்லிகிராம் அதுக்குக் கொசுக்கடி. கோழிக்கு ஃபுளோரைடு பயம் இருக்க வேண்டிய இடம் டிசிபி மூட்டை. பாறைப் பாஸ்பேட்டுல 3, 4 சதம் ஃபுளோரின் இருக்கும். அதைச் சரியா நீக்காத சரக்கை மலிவா டிசிபின்னு தள்ளுவாங்க. பில்லுல பாஸ்பரஸ் சதத்தை மட்டும் பார்க்காதீங்க, ஃபுளோரின் எவ்வளவுன்னும் கேளுங்க.

என் தண்ணியில நெசமான வில்லன் உப்பு. சோதனைச் சீட்டுல அந்த வரி ரெண்டு வருஷமா என்னைப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு, நான் ஃபுளோரைடு வரியை மட்டும் படிச்சுக்கிட்டிருந்தேன். உப்புத்தண்ணி குடிக்கிற லேயருக்கு ஓடு கெடும், கால்சியம் எவ்வளவு கொட்டினாலும் நிமிராது. அதுக்கு மேல நான் தீவனத்துலயும் முழு உப்பு போட்டுக்கிட்டிருந்தேன். இப்ப கோடையில தீவன உப்பைப் பாதியாக்கி, மீதிச் சோடியத்துக்குச் சமையல் சோடா. வெயில்ல கோழி வாயப் பொளந்து மூச்சு வாங்குதே, அப்ப ரத்தத்துல இருக்குற கரியமில வாயு வெளிய போயிடும். ஓட்டுக் கார்பனேட்டுக்கு அதுதானே மூலம். சோடா கொஞ்சம் ஈடு கட்டும். மதியம் ரெண்டு மணிக்கு ஷெட்டுக்குள்ள 40ஐத் தொட்டா சோடாவும் கைவிரிச்சிடும். கூரைமேல தண்ணி தெளிக்கணும்.

ஏப்ரல் 14, இரவு

தண்ணின்னதும் இன்னொண்ணு. ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஆன்டிபயாடிக்கை இந்தக் கடுந்தண்ணியில கலக்கிக் கொடுத்துட்டு "மருந்து வேலை செய்யல"ன்னு புலம்பாதீங்க. கால்சியம் அந்த மருந்தைக் கட்டிப் போட்டுடும், லேயர் தீவனத்துல இருக்குற கால்சியமும் சேர்ந்து கட்டும். டாக்டர் எழுதிக் கொடுத்தா, எந்தத் தண்ணின்னு அவர்கிட்ட சொல்லுங்க. எழுதிக் கொடுக்காம நீங்களா ஊத்தறதா இருந்தா இந்த இழையில பேசாதீங்க.

ஏப்ரல் 19

ஊத்தங்கரைத் தம்பி ஒரு வாரமாக் காணோம். அதுக்குள்ள டாக்ஸின் பைண்டர் கேள்வி.

மழை நனைஞ்ச சோளத்துல பூஞ்சை நஞ்சு. அதுக்குக் களிமண் வகை பைண்டர் போடறோம், சரி. "ரெண்டு மடங்கு போட்டா ரெண்டு மடங்கு பாதுகாப்பு"ன்னு நானும் போட்டேன். களிமண்ணுக்குக் கண்ணு கிடையாது. அளவு மீறினா நஞ்சோட சேத்துத் தாது உப்பு, வைட்டமின், மருந்துன்னு கிடைச்சதைப் பிடிக்கும்.

அதுக்காகப் போடாம விட்டாலும் கதை இதே இடத்துக்குத்தான் வரும். வைட்டமின் டி3 உடம்புல ரெண்டு இடத்துல பதமாகணும், மொதல்ல கல்லீரல், அப்புறம் சிறுநீரகம். அதுக்கப்புறம்தான் குடல் கால்சியத்தை உள்ள இழுக்கும். அஃப்ளாடாக்ஸின்ங்கற பூஞ்சை நஞ்சு அடிக்கிறது கல்லீரலை. ஆக, பூசணம் பிடிச்ச சோளமும் ஓட்டை மெலிசாக்கும், நீங்க கல்லைக் குத்தம் சொல்லிக்கிட்டிருப்பீங்க. கல்லீரல் வேலையை முடிச்சே வர்ற டி3 வகையும் கிடைக்குது. நான் வாங்கினதில்ல. நல்ல சோளம் வாங்கற காசு அதைவிடக் குறைச்சல்.

சந்தேகம் இருந்தா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கு, மாதிரி எடுத்துக்கிட்டுப் போங்க. ஓசூர்ப் பக்கத்து ஆளுங்களுக்கு மத்திகிரியில கோழியின உற்பத்தி மேலாண்மைக் கல்லூரியே இருக்கு, கேட்டா வழி சொல்வாங்க. மாதிரியை மூட்டை மேல இருந்து ஒரு கை அள்ளிக்கிட்டுப் போகாதீங்க. பத்து மூட்டையில, அடிவரைக்கும் குத்தி எடுங்க.

ஏப்ரல் 22

வந்துட்டான். மூணு சேதி.

ஒண்ணு, குருணை கிடைச்சு எட்டு நாளாச்சு, தோல்முட்டை தினம் ஒண்ணுக்கு வந்துருச்சு. கீறல் குறையல.

ரெண்டு, காலு நல்லாத்தான் இருக்காம், ஆனா கழிச்ச கோழி ஒண்ணோட நெஞ்செலும்பு எஸ் மாதிரி வளைஞ்சிருக்காம்.

மூணாவதை அவன் போட்டோவுல தெரியாம அனுப்பிட்டான். தீவன ரூம் படம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில பரண்மேல பைட்டேஸ் பை, வாய் திறந்து ரப்பர் பேண்ட் போட்டு. அதுக்கு ஒட்டினாப்புல மயில்துத்தம், அதாவது தாமிர சல்பேட். அதுக்கு அந்தப் பக்கம் ஈரம் கசியுற கோலின் குளோரைடு (வைட்டமின் மாதிரிச் சேர்க்கறது) மூட்டை.

டேய்.

ஏப்ரல் 22, அதே ராத்திரி

பைட்டேஸ் ஒரு புரதம். சித்திரை வெயில்ல ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழ, பரண்மேல, கையை வச்சுப் பாரு எவ்வளவு சூடுன்னு. சூடு மட்டும்னா பூச்சு போட்ட ரகம் கொஞ்சம் தாங்கும். ஈரமும் மயில்துத்தமும் சேர்ந்தா தாங்காது. கோலின் காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சிக் கசியும். அந்த ஈரத்துல தாமிரம் நொதியையும் தின்னும், வைட்டமினையும் தின்னும். உன் டி3யும் அந்தப் பரண்லதானே இருக்கு?

மில்காரர் சொன்னது ஒருவகையில சரிதான், உன் பையில இருந்தது பைட்டேஸ் இல்ல, பைட்டேஸோட சாம்பல்.

புதுப் பை வாங்கு, சின்னதா. வீட்டுக்குள்ள குளிர்ச்சியான இடத்துல வை, ஃப்ரிட்ஜ் வேணாம். வைட்டமின் தனி, தாது உப்பு தனி, கோலின் ரூமுக்கு வெளிய. கலக்கும்போது மொதல்ல அஞ்சு கிலோ சோளமாவுல பிசறி, அப்புறம் மிக்ஸர்ல விடு. டன்னுக்கு 100 கிராம் சரக்கை நேரா மிக்ஸர்ல கொட்டினா ஒரு மூட்டையில விருந்து, ஒன்பது மூட்டையில பட்டினி. புதுப் பை வர்ற வரைக்கும் டிசிபி 12. ஏப்ரல் 9ஆம் தேதி நான் அவசரத்துல சொன்ன 10 கிட்டத்தட்ட சரியாத்தான் போச்சு, காரணம்தான் வேற.

மே 3

"500க்குப் பதிலா 1,500 யூனிட் போட்டா?"ன்னு ஒருத்தர். போடறாங்க. பைட்டிக் அமிலத்தை மிச்சமில்லாம ஒடைச்சாத் துத்தநாகமும் அமினோ அமிலமும் கூடக் கிடைக்கும்னு கணக்கு. பிராய்லர்ல அர்த்தமிருக்கு. பரண்மேல வச்சுக் கொல்றதா இருந்தா 1,500 என்ன, 5,000 வாங்கினாலும் நஷ்டம்தான் பெருசு.

மே 21

தம்பி எழுதியிருக்கான். கீறல் அட்டைக்கு ஒண்ணு, சில அட்டையில ஒண்ணும் இல்ல. இன்னும் குறையணும்கறான்.

குறையாது. 67 வாரம் ஆச்சு. வயசானா முட்டை பெருசாகும், கோழி வைக்கிற ஓட்டோட எடை அதே அளவுதான். சின்ன பலூனுக்குப் போட்ட பெயின்டைப் பெரிய பலூனுக்குப் பூசற கணக்கு. மெத்தியோனின்ங்கற அமினோ அமிலத்தைக் கொஞ்சம் குறைச்சு முட்டை சைஸை அடக்கலாம், நான் செஞ்சிருக்கேன், வியாபாரி பெரிய முட்டை கேட்டா முடியாது. ராத்திரி நடுச்சாமத்துல ஒரு மணி நேரம் லைட் போட்டுத் தீவனம் காட்டறவங்களும் உண்டு. பலன் இருக்கு. எந்திரிக்கறவன் நீதான்.

மே 22

அலாரம் வச்சிருக்கானாம், 12 மணிக்கு. புதுசாக் கல்யாணம் ஆனவன்.

ஜூன் 6

குருணை லோடு மறுபடி தூளாத்தான் வந்திருக்காம், மேல மட்டும் கல்லு தூவி. என்கிட்ட 2 மில்லிக் கண்ணு சல்லடை ஒண்ணு சும்மாத்தான் தொங்குது. பாலக்கோடு சந்தைக்கு வர்ற அன்னைக்கு எடுத்துக்கோ. வரும்போது அந்தத் தூளு ஒரு கிலோ கொண்டா, வினிகர் வீட்டுல இருக்கு.